பிள்ளைகளோடு பூச்சி அருங்காட்சியகமும் பட்டாம்பூச்சிப் பூங்காவும்: நாகர்கோவிலிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

முதல் தடவை கோவைக்குப் போனபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலரை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் மகன் "போலாமாப்பா" என்று சட்டையை இழுக்க ஆரம்பித்துவிட்டான். மகளோ குளவிகள் இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. வண்ணம் தெறிக்கும் பட்டாம்பூச்சிகள் பக்கத்திலேயே இருந்தன. அவற்றை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே இடம், ஒரே டிக்கெட், இரண்டு பிள்ளைகள். ஏன் இப்படி என்று யோசித்தபோதுதான் புரிந்தது: அவளுக்கு அந்தக் குளவியோடு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது, அவனுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி ரயில் டிக்கெட்டில் தொடங்காது. வீட்டுக் கிணற்றடியில் தொடங்கும்.

இரண்டு, மூன்று வாரம் முன்னால்: கறிவேப்பிலைச் செடி

நம் மாவட்டத்தில் கறிவேப்பிலைச் செடி இல்லாத வீடு குறைவு. மழை பெய்து துளிர் விட்டிருக்கும் சமயமாகப் பார்த்து, இளம் இலைகளைக் காலையில் நிதானமாகப் பாருங்கள். இலைமேல் காக்கை எச்சம் போல, கறுப்பும் பழுப்பும் நடுவே வெள்ளைத் திட்டுமாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகியின் புழு. எலுமிச்சை, நாரத்தைச் செடிகளில் எலுமிச்சை அழகியின் புழுவும் இதே வேடத்தில்தான் இருக்கும். எச்சத்தை எந்தப் பறவையும் கொத்தாது என்பதுதான் சூட்சுமம்.

புழுவைக் கையால் பிடுங்க வேண்டாம், கொப்போடு ஒடித்து எடுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். சின்னக் குப்பியில் தண்ணீர் ஊற்றிக் கொப்பைச் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் புழு கீழே இறங்கித் தண்ணீரில் விழுந்து சாகும். எங்களுக்கு முதல் புழு அப்படித்தான் போனது. பாட்டில் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். தினமும் புது இலை வேண்டும். அது வீட்டுச் செடி இலையாகவே இருக்கட்டும். கடைக் கறிவேப்பிலையில் மருந்து அடித்திருப்பார்கள், ஒரே இரவில் புழு சுருண்டுவிடும்.

சில தோல்கள் உரித்தபின் எச்ச நிறம் போய், பச்சைப் பசேலென்று, தலைப்பக்கம் தடித்த புழுவாக மாறும். அப்போது ஈர்க்குச்சி நுனியால் முதுகை லேசாகத் தொடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று சட்டென்று நீளும், கூடவே அழுகிய பழம் போல ஒரு வாடை. இரண்டே நொடியில் உள்ளே போய்விடும். பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தொடப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பாட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி வரும், தண்ணீராக ஒருமுறை கழியும். பயப்பட வேண்டாம், கூட்டுப்புழு ஆகப்போகிறது. கொப்பில் வாலை ஊன்றி, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டி, மரத்தில் சாய்ந்து நிற்கும் தென்னையேறி மாதிரி சாய்ந்துகொள்ளும். ஏறத்தாழ பத்து நாள். பட்டாம்பூச்சி பெரும்பாலும் காலையில் வெளிவரும். சிறகு கசங்கிய துணியாகத் தொங்கும். அது விரிந்து உலர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் தொடக்கூடாது. கீழே செம்பழுப்பாக ஒரு சொட்டு விழுந்திருந்தால் அது ரத்தமல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

எங்களிடம் இரண்டு கூடுகள் இருந்தன. ஒன்றிலிருந்து பட்டாம்பூச்சி வந்தது. இன்னொன்று கறுத்துப்போய், குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்து, அதிலிருந்து எள்ளைவிடச் சின்னக் குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. புழு கூடாகும் நேரம் பார்த்துத் தாய்க்குளவி முட்டையை உள்ளே இறக்கியிருக்கிறது. குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்திருக்கின்றன. மகள் அன்று சோறு சாப்பிடவில்லை. கோவையில் அவள் குளவிப் பெட்டி முன்னால் நின்றது இதனால்தான். "இதுல எதுப்பா என் கூட்டைத் தின்னது?" என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். இதே வகைக் குளவிகளை விவசாயத்தில் நமக்கு வேலைக்காரர்களாக வைத்துக்கொள்கிறார்கள். டிரைக்கோகிராமா என்ற ஊசிமுனைக் குளவி உள்ளே வளரும் அந்துப்பூச்சி முட்டைகள் ஒட்டிய அட்டையைக் கரும்பு வயலில் கட்டிவிட்டால், அது துளைப்பான் பூச்சியின் முட்டையை அழிக்கும். இதைச் சொன்னதும் அவள் கோபம் பாதி இறங்கியது. பாதிதான்.

எங்கே போகலாம்

பூச்சிகளுக்கென்றே பெரிய அருங்காட்சியகம் என்றால் கோவைதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 2018-ல் திறந்தார்கள். ஊசியில் குத்திய பூச்சிகள், பெரிய மாதிரிகள், படக்காட்சி என்று பல வகையில் வைத்திருக்கிறார்கள். நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து கோவைக்கு இரவு ரயில் இருப்பதால் பகல் வீணாகாது. அதே வளாகத்தில் தாவரவியல் பூங்காவும் இருக்கிறது, ஓடித் தீர்க்க வேண்டிய பிள்ளைகளை அங்கே அவிழ்த்துவிடலாம்.

பட்டாம்பூச்சிக்கு ஸ்ரீரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் 2015-ல் வனத்துறை தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. ஏறக்குறைய 25 ஏக்கர். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. திறந்தவெளித் தோட்டமும் உண்டு, வலையடித்த உள்ளரங்கமும் உண்டு. திருச்சியிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகும் இன்டர்சிட்டி இருப்பதால் திரும்புவது சிரமமில்லை. கோவை ஒருநாள், திருச்சி மறுநாள் என்று கோத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள். நாங்கள் திணித்தோம். இரண்டாம் நாள் மகன் பூங்காவில் பார்த்தது முழுக்க என் தோளில் தூங்கியபடிதான்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்கிறவர்களுக்குத் திருவனந்தபுரம் இருக்கிறது. மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாக ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். 19-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலை, அதே வளாகத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், நேப்பியர் மியூசியம். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் காடு வேண்டுமென்றால் கொல்லம் மாவட்டத்துத் தென்மலை. அங்கேயும் பட்டாம்பூச்சிப் பூங்கா உண்டு, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவும் போகலாம்.

திருவனந்தபுரம் பாதையில் போகிறவர்கள் மார்த்தாண்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உயிருள்ள பூச்சி அருங்காட்சியகம் நம் ஊரிலேயே இருக்கிறது, அதற்குத் தேன்பெட்டி என்று பெயர். 1920-களிலேயே ஒய்எம்சிஏ மூலமாக இங்கே பெட்டித் தேனீ வளர்ப்பு பரவியது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து பெட்டிகள் கூண்டோடு காலியாகி, பிறகு மெல்ல மெல்ல மீண்டது. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் தளிர்க்கும்போது போனால் பெட்டி நிறைய தேன் இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போடுங்கள்: "ரப்பர் பூவிலிருந்தா தேன் வருது?" இல்லை. இளந்தளிரின் இலைக்காம்பு முனையில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, தேனீ அதைத்தான் நக்குகிறது. தேனீ வளர்க்கிற அண்ணாச்சிகள் யாரையாவது முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் தேனடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நம் அடுக்குத் தேனீ சாதுதான். ஆனாலும் பெட்டி வாசலுக்கு நேரே மட்டும் யாரையும் நிறுத்தாதீர்கள்.

நாளும் நேரமும்

பட்டாம்பூச்சிக்கு மழை வேண்டும், பிறகு வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களிலும், அது ஓய்ந்த கையோடு வரும் வாரங்களிலும் போனால் பூவும் இருக்கும், பூச்சியும் இருக்கும். நமக்குத்தான் தென்மேற்குப் பருவமும் உண்டே என்று ஜூலையில் திருச்சிக்கு வண்டி ஏறாதீர்கள். இங்கே கீரிப்பாறையில் சாரல் அடிக்கும் நாளில் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ஏப்ரல், மே விடுமுறையில்தான் எல்லோரும் போவார்கள். பூச்சிகளைப் பொறுத்தவரை அதைவிட மோசமான நேரம் இல்லை.

ஒரு நாளுக்குள் என்றால் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை. பட்டாம்பூச்சியின் உடம்பில் தனியாகச் சூடு கிடையாது. காலை வெயிலில் சிறகை விரித்துச் சூடேறிய பிறகுதான் பறக்கும். மேகமூட்டமான நாளில் பூங்கா காலியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான், பூச்சிகள் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இரண்டும் ஒரே ஊரில் வாய்த்தால் காலையில் பூங்கா, உச்சி வெயிலில் அருங்காட்சியகம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வார விடுமுறை இடத்துக்கு இடம் மாறும். நானும் ஒருமுறை இரண்டு குடும்பங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பொதிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவன். முந்தின நாள் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பையில்

தண்ணீர், தொப்பி, சட்டைப் பையில் கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று, கோடு போடாத நோட்டு, பென்சில். கொசு மருந்து களிம்பு கையில் பூசியிருந்தால் பூங்காவுக்குள் போகும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், கொசுவுக்கு விஷமானது பட்டாம்பூச்சிக்கும் ஆகாது. பூப்போட்ட சட்டை போட்டால் பட்டாம்பூச்சி வந்து உட்காரும் என்பார்கள். சில சமயம் வரும். என் அனுபவத்தில் வியர்த்த கைதான் அதைவிட நன்றாக வேலை செய்கிறது. வியர்வையில் இருக்கும் உப்பைத் தேடி வரும்.

அருங்காட்சியகத்துக்குள்

எல்லாவற்றையும் பார்க்கப் போகாதீர்கள். பிள்ளைகளிடம் ஐந்தே ஐந்து பூச்சிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஐந்தும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கட்டும். இரண்டாம் தடவை நாங்கள் போனபோது மகனுக்குக் கொடுத்த பட்டியல் இது: கொம்பன் வண்டு, மாமரத்து முசுறு, மழைக்காலத்தில் காது கிழியக் கத்தும் சீவீடு, தும்பி, கரப்பான். "கரப்பானும் உண்டா?" என்று சிரித்துக்கொண்டே ஓடினான். ஒன்றேகால் மணி நேரம் உள்ளே இருந்தோம்.

கொம்பன் வண்டில் நான் கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன். தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளை அதன் வேலையைத் தினமும் பார்த்திருக்கும், ஆளைப் பார்த்திருக்காது. விரிந்த ஓலையில் கத்திரிக்கோலால் வெட்டியதுபோல வரிசையாக முக்கோண வெட்டு இருக்கிறதே, அது இந்த வண்டின் கையெழுத்து. குருத்து சுருண்டிருக்கும்போது ஒரே இடத்தில் துளைக்கும். காகிதத்தை மடித்துக் கத்தரித்துப் பிரித்தால் வருமே, அதே மாதிரி ஓலை விரியும்போது வெட்டு வரிசையாகத் தெரியும். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடித்து, ஓரத்தில் வெட்டி அங்கேயே காட்டிவிடலாம். அதன் புழு வளர்வது நம் வீட்டுச் சாணக்குழியில். ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. பெட்டியில் எது ஆண் என்று கேளுங்கள்.

அடுத்து, ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டுகளுக்கு ஊசி நடுவில் இருக்காது, வலது பக்க ஓட்டுச் சிறகில் குத்தியிருப்பார்கள். பட்டாம்பூச்சிக்கு நடு மார்பில். வண்டை நடுவே குத்தினால் இரண்டு சிறகும் சந்திக்கிற கோடு சிதைந்துவிடும், இப்படிக் குத்தினால் ஒரு பக்கமாவது முழுசாக இருக்கும். முறையாகச் சேகரித்த பூச்சியின் ஊசிக்குக் கீழே நகத்தளவு சீட்டு இருக்கும்: எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது. அந்தச் சீட்டு இல்லாத பூச்சியால் ஆராய்ச்சிக்குப் பயன் இல்லை. சீட்டு தெரிகிற பெட்டி கிடைத்தால் அதில் நம் பக்கத்து ஊர்ப்பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது நல்ல விளையாட்டு.

"செத்த பூச்சி ஏன் அழுகல?" என்று கட்டாயம் கேட்பார்கள். உலர்த்தித்தான் வைக்கிறார்கள், மேல்தோடு கருவாட்டைவிடக் கெட்டி, அதனால் நிற்கும். ஆனால் காய்ந்த பூச்சியைத் தின்பதற்கென்றே ஒரு சின்ன வண்டு இருக்கிறது. அது உள்ளே புகுந்தால் பெட்டியில் ஊசியும் தூசியும்தான் மிஞ்சும். அதைத் தடுக்கத்தான் பூச்சிப் பெட்டிகளில் அந்துருண்டை போடுவது வழக்கம். ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கும் பிள்ளைக்கு அந்துருண்டை ஆகாது, எந்த இடத்திலாவது அந்த நெடி தூக்கலாக இருந்தால் சீக்கிரம் வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

சிலந்தி, தேள், மரவட்டை எங்காவது கண்ணில் பட்டால் கால்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு இருந்தால்தான் பூச்சி. பெரிய மாதிரிகளைப் பார்த்து அழும் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்க மட்டும் செய்யாதீர்கள்.

பட்டாம்பூச்சி வீட்டுக்குள்

உள்ளரங்கமாக இருந்தால் முதல் கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். வெளியே வரும்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டையில் தொற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

உள்ளே போனதும் பிள்ளைகள் ஓடுவார்கள். ஓடினால் ஒன்றும் கிடைக்காது. பூத்திருக்கும் ஒரு செடியைத் தேர்ந்து, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, நூறு எண்ணச் சொல்லுங்கள். நிழல் பட்டால் பூச்சி பறக்கும், அதனால் உங்கள் நிழல் செடிமேல் விழாத பக்கமாக உட்காருங்கள். அறுபது எழுபதுக்குள் ஏதாவது வந்து இறங்கும். கடிகாரச் சுருள் மாதிரி சுருண்டிருக்கும் உறிஞ்சுகுழல் நீள்வதை அப்போதுதான் பார்க்க முடியும். காலால்தான் ருசி பார்க்கிறது என்று சொல்லிப் பாருங்கள், "அப்போ செருப்புப் போட முடியாதுல்ல" என்றான் மகன்.

தொடக்கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். எங்கள் அம்மா ஊரில் பட்டாம்பூச்சிக்குப் பாப்பாத்தி என்று பெயர், அங்கே சொல்வது வேறு: "பாப்பாத்தியப் பிடிக்காத மக்ளே, அந்தப் பொடி கண்ணுல பட்டா பார்வை போயிரும்." பார்வை போகாது, போவது பூச்சியின் சிறகுதான். அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு செதில், கூரையில் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கியிருக்கும், உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. ஆனாலும் அம்மாவின் மிரட்டல் என் விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேடுவதற்கு ஒரு புதிர் கொடுக்கலாம். சிகப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி, பெருமருந்துக்கொடி என்கிற ஈஸ்வரமூலியைத் தின்று வளர்வதால் உடம்பில் நஞ்சு உண்டு, பறவைகள் கிட்டே போகாது. நம் வீட்டுக் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை, நஞ்சே இல்லாமல், அதன் வேடத்தை அப்படியே போட்டுக்கொண்டு திரியும். எப்படி அடையாளம் காண்பது? உடம்பைப் பாருங்கள். நஞ்சுள்ளதன் உடம்பு சிவப்பு, வேடதாரியின் உடம்பு கறுப்பு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் டிக்கெட் காசு வசூல். தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019-ல் அறிவித்த தமிழ் மறவனை, செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு ஓரத்தோடு, சமவெளிப் பூங்காவில் எதிர்பார்க்காதீர்கள். அது மலைக்காட்டு ஆள், நம் பக்கத்தில் மரோட்டி என்கிற நீரடிமுத்து மரத்தில் முட்டையிடும்.

பூச்சி குறைவாக இருக்கும் நாளும் உண்டு. அன்றைக்குப் பூவை விட்டுவிட்டு இலைக்கு அடியில் பாருங்கள். எருக்கில் வெந்தய வரியன் முட்டை, அரளியில் வெள்ளிக் கம்மல் மாதிரி பளபளக்கும் வெண்புள்ளிக் கருப்பனின் கூடு, நெட்டிலிங்கத்தில் பச்சைப் புழு. ஈர மண்ணையும் விடாதீர்கள், உப்பு உறிஞ்சக் கூட்டமாக உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள். நடக்கும் பாதையில் அவை உட்காரும் என்பதால் சின்னப் பிள்ளைகளின் காலடியில் ஒரு கண் வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

வந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது, திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலெனாயின் கல்லறையும் அங்கேதான். மரநிழலில் நடந்தால் பூங்காவில் பார்த்த பாதிப் பேரைப் பிள்ளைகளே அடையாளம் சொல்வார்கள். பேச்சிப்பாறை, காளிகேசம் பக்கம் போனால், அகன்ற கறுப்புச் சிறகும் மஞ்சள் பின்சிறகுமாகச் சிட்டுக்குருவியளவுக்கு ஒன்று மரஉச்சியில் மிதந்து போகலாம். அது பொன்னழகி. நம் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் எதையும் பிடிக்கக்கூடாது, வலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காளிகேசம் போன்ற இடங்களுக்கு வனத்துறையிடம் அனுமதி நிலவரம் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வீட்டில் செடி நடுவதாக இருந்தால் பூச்செடியைவிடப் புழு தின்னும் செடியை முதலில் நடுங்கள். ஒரு நாரத்தை, வேலியோரம் ஒரு எருக்கு, இடமிருந்தால் சரக்கொன்றை, ஏற்றிவிடப் பந்தல் இருந்தால் பெருமருந்துக்கொடி. தேனுக்கு இட்லிப்பூ போதும்.

போன வாரம் ரசம் தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். பின்னாலேயே மகன் ஓடிவந்தான். "அந்தக் கொப்பு வேண்டாம்ப்பா, அதுல மூணு முட்டை இருக்கு. இந்தா, இதுல பறி" என்று வேறொரு கொப்பை வளைத்துக் கொடுத்தான்.